தாண்டிய ஒன்பது பக்கம்

ஒன்பது பக்கங்களைப் படிக்காமல் தாண்டினேன். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி, குரலை மாற்றாமல், ஒரு தாளுக்குப் பதில் ஐந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து தொடர்ந்தேன். சுற்றி உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த பதினோரு பெண்களில் ஒருத்திக்கும் அப்போது தெரியவில்லை. நான் செய்த திருட்டுகளில் மிகச் சிறியது அதுதான். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில், ஒரு மல்லாட்டைக் கிடங்கு. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மூட்டை தூக்குவதும் எடை போடுவதும் என் வேலை. விதைக்கு வைத்திருக்கிற மல்லாட்டையை இயந்திரத்தில் போட முடியாது. பருப்பின் மேலிருக்கும் சிவப்புத் தோல் கிழிந்தால் விதை மண்ணுக்குள் போய் அழுகிவிடும். அதனால் கார்த்திகை பிறந்ததும் பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து கையால் உடைப்பார்கள். மதியச் சோறு முடிந்ததும் நான் ஒரு மூட்டைமேல் சாய்ந்து புத்தகம் படிப்பது வழக்கம். ஒருநாள் அவர்களில் மூத்தவள், ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், எல்லோருக்கும் அக்கா, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ மட்டும் உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினு இருந்தா எப்பிடி? வாய உட்டுப் படி. நாங்களும் சிரிக்கிறோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலாளி முதலில் முறைத்தார். கதை கேட்கும்போது பெண்கள் பருப்பை வாயில் போட மறந்துவிடுகிறார்கள் என்று இரண்டு நாளில் கண்டுபிடித்த பிறகு, "இன்னும் அரை மணி நேரம் படிய்யா" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. எட்டாவதில் அரைப் பரீட்சை எழுதினேன், முழுப் பரீட்சை எழுதவில்லை. அதற்குப் பிறகு ஓசூரில் பேக்கரி, பூனாவில் ஓட்டல், சூரத்தில் துணிக் கிடங்கு, போர்வெல் போடுகிற லாரியில் ஆந்திரா முழுக்க. எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. பாதி இடங்களில் நானாகக் கிளம்பினேன். மீதி இடங்களில் குடித்துவிட்டுக் கிடந்ததால் அனுப்பினார்கள். எல்லா ஊருக்கும் என்னோடு வந்தது படிக்கிற பழக்கம் மட்டும்தான். அதிலும் மாயாஜாலக் கதைகள். பறக்கும் பாம்பு, பேசும் வாள், கண்ணாடிக் கோட்டை. தமிழிலேயே எழுதியதோ, எங்கிருந்தோ மொழிபெயர்த்ததோ, போனில் தொடராக வருவதோ, எதுவானாலும் சரி. இந்த வயதில் இதையா படிக்கிறாய் என்று கேட்டவர்கள் நிறைய. அப்படிக் கேட்டவர்கள் எல்லாம் டிவியில் மாமியார் மருமகள் சண்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

அந்தக் கதைகளில் எனக்குப் பிடிக்காத ஒரு வீரன் உண்டு. முதல் பக்கத்தில் எப்படி நிமிர்ந்து நிற்கிறானோ, கடைசிப் பக்கத்திலும் அப்படியே நிற்பவன். அவன் மேல் தூசி படாது. அவன் வருகிற புத்தகத்தைப் பாதியிலேயே மூடிவிடுவேன். லாரித் தார்ப்பாய்க்குக் கீழே நாலு பேரோடு படுத்து எழுந்தவனால் அவனை நம்ப முடியாது. தம்பியின் சிம்மாசனத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்க மனம் வராதவனை நம்புவேன். சாகாமருந்துக்குக் காவல் இருக்கப்போய் ஒரு சொட்டு நக்கியவனை நம்புவேன். ஊரைக் காப்பாற்றத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேயிடம் கை நீட்டியவனையும் நம்புவேன். அவன் பிறகு மலையைப் பிளந்தான் என்று எழுதியிருந்தால் அதையும் நம்பினேன். அதற்கு முன்னால் அவன் சொன்ன பொய் அவ்வளவு நிஜமாக இருந்தது.

அந்த வருஷம் எனக்குக் கிடைத்தது அட்டை போன தடித்த புத்தகம். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட பாடப் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது. தலைப்பும் எழுதியவர் பெயரும் போன பக்கங்களோடு போய்விட்டன. கதை இதுதான். மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு ராணியிடம் ஒரு விளக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விளக்குக்கு இரும்பு மூடி. வழியில் மூடியைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். திறந்தால் அந்த வெளிச்சத்தில் செத்துப்போனவர்கள் உயிரோடு தெரிவார்கள். அதே வெளிச்சத்தைப் பார்த்துப் பனிக்காட்டுப் பேய்களும் வந்துவிடும். எடுத்துக்கொண்டு போகிறவன் ஒரு படைவீரன், தன் தாய் சாகும்போது பக்கத்தில் இல்லாதவன். துணைக்கு ஒரு ராட்சசன். அதிகம் பேசமாட்டான், மூட்டை சுமப்பான், சமைப்பான்.

பெண்களுக்கு வீரனைவிட ராட்சசனைத்தான் பிடித்தது.

"அண்ணே, ராட்சசனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள் கூட்டத்தில் இளையவள். அவளுக்கே கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"புத்தகத்துல போடல."

"போடலன்னா எழுதனவங்களக் கேட்டுச் சொல்லு. பின்னால போன் நம்பர் இருக்குமில்ல?"

"பின்னட்டையே இல்லம்மா."

"ஏண்டி, நீ எதுக்கு அவனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கற?" என்றாள் அக்கா. "ஊட்டுல இருக்கறவன் பத்தலையா?"

அரைக் கூடை பருப்பு சிந்துகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சில கோயில்களில் குடியை விடுவதற்குக் கயிறு கட்டுவார்கள். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் வரிசை நிற்கும். பூசாரி, "எத்தன மாசம்?" என்று கேட்பார். மூன்று மாதம் சொல்கிறவர்கள் உண்டு, தங்கச்சி கல்யாணம் முடிகிறவரை என்று சொல்கிறவர்களும் உண்டு. கற்பூரத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ததும் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டுவார். அந்தக் கயிற்றுக்கு ஒரு மரியாதை உண்டு. எவ்வளவு பெரிய குடிகாரனும் எதிராளியின் கையில் கயிற்றைப் பார்த்தால் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொள்வான். யாரும் வற்புறுத்தமாட்டார்கள். கட்டியவன் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

என் மனைவிதான் என்னை அங்கே அழைத்துப்போனாள். அப்போது நாங்கள் சேர்ந்து வாழவில்லை. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சமைத்துக்கொண்டு, பின்தெருவில் ஒற்றை அறை எடுத்திருந்தாள். எங்களுக்குப் பிறந்த குழந்தை பதினெட்டு நாள்தான் இருந்தது. அதனால் குடித்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள், பாவம் என்பார்கள். சொல்லமாட்டேன். அதற்கு முன்பே குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூசாரி கேட்டபோது ஒரு வருஷம் என்றேன். அவர் நம்பாமல் என் மனைவியைப் பார்த்தார். "ஒரு வருஷம்னா ஒரு வருஷம்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "வைகாசியில கட்டியிருக்குது. சித்திரை முடியற வரைக்கும் இது கையில இருக்கணும், வாயில ஒண்ணும் படக்கூடாது. அப்பறம் கதவத் தொறக்கறேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கெழமைல வா, சோறு தின்னு, போ."

அந்த அறைக்குள் போய்ப் படுக்க எனக்கு ஆசை இருந்தது. ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு ஒரே கதவின் வழியாகத் தினமும் உள்ளே போவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. வேறு எதற்காகவும் நான் ஆறு மாதம் தாங்கியிருக்கமாட்டேன்.

ஏழாவது மாதம், கார்த்திகையில், ஒரு வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. இரண்டு லாரி லோடும் சீக்கிரம் ஏறிவிட்டதால் முதலாளி மதியமே போகச் சொன்னார். திண்டிவனத்தில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்து குளித்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது மனசு லேசாக இருந்தது. துக்கம் இல்லை, சண்டை இல்லை, யாரும் கூப்பிடவில்லை. அதற்கு முன் ஆறு மாதத்தில் எத்தனையோ பேர் கூப்பிட்டிருந்தார்கள். பழைய லாரி டிரைவர் ஒருவன் சாவு வீட்டில் காலைப் பிடித்தே கெஞ்சினான். போகவில்லை. அன்றைக்கு யாருமே கூப்பிடாதபோது, இவ்வளவு நன்றாக இருக்கிற நாளில் ஒரு குவாட்டர் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் நடந்தது.

கயிற்றை அறுக்கவில்லை. அறுத்தால்தான் சத்தியத்தை மீறியதாகும் என்று நினைத்தேன். மணிக்கட்டில் சோப்புப் போட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முடிச்சு அவிழாமல் மெதுவாக உருவினேன். காலண்டர் தொங்கிய ஆணியில் அதை மாட்டிவிட்டுக் கடைக்குப் போய் வாங்கிவந்து குடித்தேன். பொழுது சாயும்போது எழுந்து, மறுபடி சோப்புப் போட்டுக் கயிற்றைக் கையில் ஏற்றிக்கொண்டேன். கயிறு ஆணியில் இருந்த நேரம் கணக்கில் வராது என்று உண்மையாகவே நம்பினேன். வெளியூர்க்காரனிடம் சொன்னால் சிரிப்பான். எங்கள் பக்கத்தில் சிரிக்கமாட்டார்கள். "சோப்புப் போட்டா வந்துடுதா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போனேன். அவள் கயிற்றைப் பார்த்துவிட்டுக் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறும் போனேன். சாப்பிட்டேன்.

அன்று திரும்பி வந்து, மறுநாள் படிக்கவேண்டிய அத்தியாயத்தை எடுத்தேன். வாய் தடுமாறக்கூடாது என்று எப்போதும் ஒருமுறை முன்னாலேயே பார்த்துக்கொள்வேன். அந்த ஒன்பது பக்கங்கள் அங்கேதான் இருந்தன. பேய்கள் அவன் தாயின் குரலில் கூப்பிட்டபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு நடந்த அந்த வீரன், ஒரு நல்ல மத்தியானத்தில், வெயில் முதுகில் சுகமாக இறங்குகிற நேரத்தில், ராட்சசன் விறகு பொறுக்கப் போயிருக்கும்போது, மூடியைத் திறந்துவிடுகிறான். இன்று யாரும் கூப்பிடவில்லை, ஆகவே இது பேயின் வேலை இல்லை, ஆகவே தப்பும் இல்லை. இப்படி அவன் நினைப்பதாக எழுதியிருந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். எழுதியவன் யாரோ, எந்த நாட்டுக்காரனோ, என் அறைக்குள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியதுபோல் இருந்தது.

பதினோரு பெண்களுக்கு முன்னால் அதைச் சத்தமாகப் படிக்க என்னால் முடியவில்லை. அதனால் தாண்டினேன். என் வாயால் வந்த கதையில் வீரன் மூடியைத் திறக்கவே இல்லை. மத்தியானம் கொஞ்சம் தூங்கினான், எழுந்தான், நடந்தான்.

மூன்று நாள் ஓடியது. வியாழக்கிழமை, கோட்டை வாசலில் வாளை உருவவேண்டிய இடம் வந்தது. கரிந்த கையால் வாளைப் பிடிக்க முடியாமல் அவன் இடது கைக்கு மாற்றினான் என்று என்னை அறியாமல் படித்துவிட்டேன்.

"நில்லு" என்றாள் அக்கா. "கை எப்பக் கரிஞ்சுது?"

"வழியில."

"வழியிலன்னா?"

"நெருப்புல."

"எந்த நெருப்புல?"

"சமைக்கறப்ப."

"ராட்சசன்தான சமைப்பான்?" என்றாள் இளையவள். "ஆமா, அவன் எங்கண்ணே? மூணு நாளா ஆளே வரல."

"ஊருக்குப் போயிட்டான்."

"சொல்லிக்காமயா?"

"அவசரம். ஜல்தியா போயிட்டான்."

அக்கா கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தாள். "இத்தினி நாளு கூட வந்தவன் சொல்லிக்காம போவமாட்டான். நீ நடுவுல எதையோ முழுங்கிட்ட."

"ரெண்டு தாள் ஒட்டிக்கினு இருந்திருக்கும்" என்றேன். "பழைய புத்தகம்தான."

எல்லோரும் சளசளவென்று பேச ஆரம்பித்தார்கள். இப்போது யோசித்தால் அவர்கள் பேசியதில் நியாயம் இருந்தது. நான் சுத்தம் செய்து கொடுத்த கதை மூன்று நாளாக அவர்களுக்குச் சப்பென்று இருந்திருக்கிறது. வீரன் ஏன் எரிந்த கிராமத்தைக் கண்டு அழுகிறான், ஏன் சாப்பாட்டை மறுக்கிறான், யாரும் திட்டாமலே ஏன் தலையைத் தொங்கப்போட்டு நடக்கிறான் என்று ஒன்றும் புரியவில்லை. "இவனுக்கு என்னா பேஜாரு, சும்மா சும்மா அழுவறான்" என்று ஒருத்தி முந்தின நாளே சலித்துக்கொண்டிருந்தாள். அவன் விழுந்த இடத்தை நான் மூடிமறைத்ததில், அதற்குப் பிறகு அவன் எழுந்து நின்றது ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

பெண்கள் கை கழுவப் போனபோது அக்கா மட்டும் பின்தங்கினாள். என் கையைப் பார்த்தாள்.

"கயிறு வெளுத்துக் கெடக்குது. ஏழு மாசக் கயிறு இப்பிடி இருக்காது. சோப்பா?"

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு எண்ண தடவுவாரு. மல்லாட்ட எண்ண. கயிறு வழவழன்னு கெடக்கும், எங்கிட்ட வேர்வைன்னு சொல்லுவாரு." அவள் கணவன் குடித்தே செத்தவன் என்று எனக்கு முன்பே தெரியும். "நான் உன்ன ஒண்ணும் கேக்கல. உன் கத உன்னோட. ஆனா நாளைக்கு வந்து அந்தத் தாளப் படி. ராட்சசன் எங்க போனான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

வெள்ளிக்கிழமை படித்தேன். தாள் ஒட்டியிருக்கவில்லை, நானாகத்தான் தாண்டினேன் என்று முதலில் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா கேட்கவிடவில்லை. வீரன் மூடியைத் திறக்கிறான். வெளிச்சத்தில் அவன் தாய் உட்கார்ந்து முறத்தில் தானியம் புடைத்துக்கொண்டிருக்கிறாள், அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மூடவேண்டும் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. பேய்கள் வந்துவிடுகின்றன. பழுக்கக் காய்ந்த மூடியைக் கையால் அழுத்தி மூடும்போது மணிக்கட்டுவரை கரிகிறது. அதற்குள் பேய்கள் அடிவாரத்துக் கிராமத்தை எரித்துவிட்டன. ராட்சசன் விறகோடு திரும்பி வந்து, என்ன நடந்தது என்று கேட்கிறான். "தானாகத் திறந்துவிட்டது" என்கிறான் வீரன். ராட்சசன் விறகைக் கீழே வைக்கிறான், சோற்று மூட்டையை வைக்கிறான், வந்த வழியே போய்விடுகிறான்.

அக்கா கையிலிருந்த பருப்பைக் கூடையில் போட்டாள்.

"பேய் கூப்புட்டப்பல்லாம் போவாதவன், ஒருத்தருமே கூப்புடாதப்ப போறான் பாரு" என்றாள் அக்கா. "நெசமா நடக்கறது இப்பிடித்தான். எவன் எழுதனானோ, தெரிஞ்சவன்."

"தொறந்ததுக்காவ ராட்சசன் போவல அண்ணே" என்றாள் இளையவள். "தானா தொறந்துச்சுன்னு சொன்னான் பாரு, அதுக்குப் போறான். எனக்கு அவன்தான் சரி."

சனிக்கிழமைக்குள் புத்தகம் முடிந்துவிடும் என்று தெரிந்ததும் முடிவு என்ன என்று சண்டை போட்டார்கள். கடைசிச் சண்டையில் வீரன் எல்லோரையும் காப்பாற்றிவிட்டுச் செத்துவிடுவான், எல்லோரும் அழுவார்கள், ராட்சசன்கூட வந்து அழுவான் என்றாள் ஒருத்தி. நானும் அப்படித்தான் பயந்தேன். தப்புச் செய்தவனைக் கடைசியில் கொன்று கடனைத் தீர்ப்பது இந்தக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சாவது ஒரு நொடி வேலை. மறுநாள் காலை எழுந்து, உன்னைத் தெரிந்தவர்கள் நடுவே பல் விளக்குவது அதைவிடக் கஷ்டம்.

"செத்துட்டா சரியாப் போயிடுமா?" என்றாள் அக்கா. "எங்க ஊட்டுக்காரருந்தான் செத்தாரு. என்னா சரியாப் போச்சு? கூரையாவது மாத்திட்டுச் செத்தாரா?"

புத்தகத்தில் அவன் சாகவில்லை. விளக்கை ராணியிடம் ஒப்படைக்கிறான். கரிந்த கையைப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்கிறாள் அவள். வேண்டாம் என்கிறான். பிறகு எரிந்த கிராமத்துக்குத் திரும்பிப்போய், தானாகத் திறக்கவில்லை, நான்தான் திறந்தேன் என்று சொல்லிவிட்டு, கல் சுமக்க வேலை கேட்கிறான். கல் சுமக்க விடுகிறார்கள். ஆனால் ஒருவரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவன் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த கல்லைத் தூக்கப் போகிறான். அங்கேயே கதை முடிந்துவிட்டது. பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. ராட்சசன் திரும்பி வராதது இளையவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த பாகம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விழுப்புரம் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை இறங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் பழக்கப்பட்டவன் நான். எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு வாரத்தில் வேலை தேடிக்கொள்வேன். விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது எழுந்தும் நின்றேன். கண்டக்டர், "இங்க நிறுத்தம் கிடையாது, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

மெஸ்ஸில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. அவள் பின்கட்டில் அரிவாள்மனையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எனக்கு எடுத்து வைத்த தட்டு மூடியிருந்தது.

"தின்னுட்டு வா" என்றாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"குடிச்சிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. "இன்னிக்கா?"

"இல்ல. பதினாறு நாளாச்சு. ஒரு நாளுதான்."

"அதுக்கப்பறம் ரெண்டு ஞாயித்துக்கெழம வந்து சோறு தின்னுக்கினு போயிருக்கற."

"ஆமா."

"கயிறு கையிலயே இருக்குது?"

சோப்பையும் ஆணியையும் சொன்னேன். அவள் அரிவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யார்கிட்டய்யா சத்தியம் பண்ண? அந்தக் கயித்துக்கிட்டயா? பக்கத்துல நான் நின்னுக்கினு இருந்தேனே, நான் யாரு, தூணா?"

ஏழு மாதமாக அந்தக் கோயிலை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூசாரி ஞாபகம் வரும், கற்பூரம் ஞாபகம் வரும். அவள் நின்றது ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை.

"சரி" என்றாள். "மொதல்லருந்து ஆரம்பி. இன்னிலருந்து ஒரு வருஷம். அந்த ஏழு மாசம் போச்சு."

அங்கே நான் தலையாட்டியிருக்க வேண்டும். தப்புச் செய்தவன் தலையாட்டத்தான் வேண்டும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள்.

"முடியாது" என்றேன்.

"என்னா முடியாது?"

"ஏழு மாசம் நான் குடிக்காம இருந்தேன். அது நெசம். அத்தப் போச்சுன்னு சொல்ல உடமாட்டேன். குடிச்சதும் நான்தான், அதயும் இல்லன்னு சொல்லல. மிச்சம் அஞ்சு மாசம் இருக்குது. இருந்து காட்டறேன். வேணாம்னா சொல்லு, இப்பிடியே போயிடறேன். ஆனா மொதல்லருந்துன்னு மட்டும் சொல்லாத."

"குடிச்சிட்டு வந்து திமிரு பேசற."

"குடிக்காம வந்துதான் பேசறேன்."

வாயில் வந்துவிட்டது, என்ன செய்ய. அவள் மறுபடி கத்தரிக்காய் அரிய ஆரம்பித்தாள். போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். தட்டு மூடியபடியே இருந்தது. பிறகு, "கையக் குடு" என்றாள்.

கொடுத்தேன். மணிக்கட்டை இழுத்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கயிற்றுக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கி, ஒரே இழுப்பில் அறுத்தாள்.

"சாமி குத்தமாயிடப் போவுது" என்றேன். உண்மையாகவே பயமாக இருந்தது.

"சாமிய நான் பாத்துக்கறேன். அஞ்சு மாசமும் வெறுங்கையோட இரு. இத்தப் பாத்துட்டு எவனும் டம்ளர இஸ்துக்க மாட்டான் இனிமே. ஊத்தித்தான் குடுப்பானுங்க. வேணாம்னு உன் வாயால நீ சொல்லு. ஞாயித்துக்கெழம வந்து எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பொய் சொன்னன்னா எனக்குத் தெரியும்."

கயிற்றைக் கத்தரிக்காய்க் காம்போடு சேர்த்து முறத்தில் தள்ளிவிட்டாள். தட்டைத் திறந்தாள். குழம்பு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணித் தரவில்லை. அப்படியே தின்றேன்.

அந்த ஐந்து மாதம் முந்தின ஏழு மாதத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கயிறு இருந்தவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. வெறுங்கையைப் பார்த்ததும் எல்லோரும் கேட்டார்கள். பொங்கலுக்குக் கேட்டார்கள், லாரி லோடு முடிந்ததும் கேட்டார்கள், ஒரு காதுகுத்து வீட்டில் பந்தலுக்குப் பின்னால் நான்கு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். வேண்டாம் என்ற ஒரு சொல்லை அதற்கு முன் என் வாய் சொல்லிப் பழகியிருக்கவில்லை. முதல் முறை சொன்னபோது குரலே வரவில்லை, இருமினேன். போகப்போக வந்தது. ஒருநாள் நல்ல வெயில், நல்ல காற்று, யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கடை வாசல்வரை போய்விட்டேன். வரிசையிலும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். அந்த ஞாயிறு அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "வரிசையில எத்தினி நேரம் நின்ன?" என்று மட்டும் கேட்டாள்.

சித்திரை முடிந்தது. அடுத்த ஞாயிறு நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தபோது, "பை எங்க?" என்றாள். திண்டிவனத்தில் இருக்கிறது என்றேன். "போய் எடுத்துக்கினு வா" என்றாள்.

இப்போது தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரே அறை, ஒரே கதவு. என்னை மன்னித்துவிட்டாளா என்று யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். நானும் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஒவ்வொரு நாளும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு அவள் வந்து எதிரில் நிற்கிறாள். ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்துகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்க்கட்டும். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நழுவுகிற பழக்கம் எனக்கு இல்லை. நிமிர்ந்து நின்று, அவள் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.